கரி ஏறினால் மட்டும் வருகிற அழைப்பு

தம்பி, உன் குரல்செய்தியைக் கடையில் ஆள் நிற்கிற நேரத்தில்தான் போட்டுக் கேட்டேன். கலியாணத்துக்கு மண்டபம் சரிவந்துவிட்டது, பெண்ணின் தாய்தகப்பன் நல்ல மனிதர்கள், எனக்கு பிரான்ஸ் விசா தராமல் விட்டதில் உனக்குப் பெரிய கவலை என்று எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னாய். பிறகு, வெளிக்கிட்ட பிறகு திரும்பிவந்து மறந்ததைச் சொல்லுகிறவன் போல, "அப்பா, இனி எனக்கு உங்கட டீசல் வானைப் பாக்க நேரம் இருக்காது. நெளுக்குளத்தில கராஜ் நியாஸ் அண்ணையிட்டக் கொண்டுபோய் அந்தப் பில்டரை வெட்டி எறிஞ்சுபோடுங்கோ. உங்களுக்கும் கரைச்சல் இல்லை, எனக்கும் கரைச்சல் இல்லை" என்றாய். கச்சான் கடலை வாங்க வந்த மனிசி, "பிள்ளை கெட்டிக்காரன், அங்க இருந்தும் தேப்பன்ர வாகனத்தைப் பாக்கிறான்" என்று சொன்னா. நானும் ஓம் என்று தலையாட்டினேன். அதற்குப் பிறகு அவவுக்கு எவ்வளவு நிறுத்துக் கொடுத்தேன் என்று எனக்குத் தெரியாது. இத்தனை வருடக் கடையில் அப்படி எனக்கு நடந்ததில்லை.

பதிலை நானும் குரலில் சொல்லலாம் என்று போனை எடுத்தேன். "சரி தம்பி" என்பதற்கு மேல் வரவில்லை. ஆகவே எழுதுகிறேன். எழுதுவதை ஒளிக்கவும் போவதில்லை, நாலு பேர் வாசிக்கிற இடத்தில் போடக் கொடுக்கிறேன். எங்கள் ஒழுங்கையில் இருக்கிற வீடுகளை மட்டும் எடுத்துப் பார். ஒருவன் வாசலில் கமரா பூட்டிவிட்டு, கேற் திறந்து கிடக்கிறது என்று கனடாவில் இருந்து தாய்க்குச் சொல்லுகிறான். இன்னொருத்தி தண்ணீர்த் தாங்கி நிரம்புவதை லண்டனில் இருந்து பார்க்கிறாள். நீ வானின் கரியைப் பார்த்தாய். அந்தத் தாய்தகப்பன்மார் இதை வாசித்தால் தங்களுக்குத் தெரிந்த ஏதோ ஒன்று இதில் இருக்கும். உனக்கு வெட்கமாக இருந்தால் பொறுத்துக்கொள். இதில் உன்னைவிட வெட்கப்பட வேண்டியவன் நான்.

நீ போவதற்கு முன் தேடிப் பிடித்து எடுத்துத் தந்த வான் அது. அதை முற்றத்தில் நிறுத்தி, நீ கீழே குனிந்து கையைக் காட்டிக் காட்டி உன் அம்மாவுக்கும் எனக்கும் பாடம் எடுத்தது என் கண்ணுக்குள் அப்படியே நிற்கிறது. புகைக்குழாயின் நடுவில் தேன்கூடு மாதிரி ஒரு சல்லடை இருக்கிறது, டீசல் எரிந்து வருகிற கரியை அது பிடித்து வைத்துக்கொள்ளும், நிறைந்ததும் வான் தானே கொஞ்சம் கூட டீசலை விட்டு, குழாயைக் கொதிக்க வைத்து, அந்தக் கரியை எரித்துவிடும் என்றாய். எரிந்து முடிகிற வரைக்கும் நிற்காமல் ஒரே சீரான வேகத்தில் ஓட வேண்டும், இடையில் நிறுத்தினால் எரிந்தது பாதி, எரியாதது பாதியாகக் கிடக்கும், அப்படியே விட்டால் ஒருநாள் வான் இழுக்கமாட்டன் என்று நடுரோட்டில் முரண்டுபிடிக்கும் என்றாய். அம்மா குசினி வாசலில் நின்று, "அப்ப இது எங்கட புகைக்கூடு மாதிரியோ?" என்று கேட்டா. "ஓம் அம்மா, ஆனா இது தன்னைத் தானே துப்புரவாக்கும்" என்றாய். "அப்ப உன்னைவிடத் திறம்" என்றா. நீ சிரித்துக்கொண்டே ஸ்டியரிங்குக்குக் கீழே சிம் போட்ட ஒரு சின்னப் பெட்டியைச் செருகினாய். கரி எத்தனை வீதம் நிறைந்திருக்கிறது என்று அது உன் போனுக்குச் சொல்லும், எங்கே இருந்தாலும் பார்ப்பேன் என்றாய். எங்கே போகப் போகிறாய் என்பதை அன்றைக்கு ஒருவரும் கதைக்கவில்லை.

எங்கள் ஓட்டம் உனக்குத் தெரியும். தர்மபுரத்தில் கச்சானும் பயறும் உழுந்தும் ஏற்றி, விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று கடைக்குக் கடை நிற்கிற ஓட்டம். அந்தச் சல்லடைக்குப் பிடிக்காத ஓட்டம். அதற்கு மேலால் என் பழக்கம். பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார்சைக்கிள் ஓட்டி வியாபாரம் பழகியவன் நான். காபரேற்றருக்குள் இரண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, மிச்சத் தூரத்தை மண்ணெண்ணெயில் ஓடுவோம். தெருவில் ஒருவரைக் கண்டு "எப்பிடி?" என்று கேட்கிறதற்கு முதலே கை திறப்பைத் திருகி எஞ்சினை நிறுத்திவிடும். அந்தக் கை இன்னும் அப்படித்தான் இருக்கிறது. வான் கரியை எரிக்கத் தொடங்கினால் எஞ்சின் சத்தம் கொஞ்சம் ஏறும், எஞ்சினின் காற்றாடி ஊளையிடும், கருகின மணம் வரும். எனக்கு அது டீசலைக் குடிக்கிற சத்தமாகத்தான் கேட்கும். நிறுத்திவிடுவேன். இங்கே என் வயதுக்காரர் எவரிடம் அந்த வானைக் கொடுத்திருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார்.

முதல் தரம் நீ அதற்காக அழைத்தது ஞாபகம் இருக்கா? "அப்பா, பாதியில நிப்பாட்டினனீங்களோ?" என்றாய். "கடையில நிண்டனான்" என்றேன். "அது எரிஞ்சுகொண்டிருந்தது அப்பா." "அதுதான் நிப்பாட்டினனான். குடம் குடமாக் குடிக்குது." "குடிக்கட்டும். அம்மாவையும் ஏத்திக்கொண்டு பரந்தனால ஏ9ல ஏறுங்கோ. மாங்குளம் மட்டும் நிக்காம ஓடுங்கோ. ஆர் கைகாட்டினாலும் நிப்பாட்டாதேங்கோ." "பொலிஸ் காட்டினால்?" "அவங்களுக்கு நிப்பாட்டுங்கோ" என்று சொல்லிச் சிரித்தாய். அம்மா போனை மடியில் வைத்துச் சத்தமாகப் போட்டுவிட்டா. நான் ஓட்டினேன். நீ அங்கே இருந்து கரி எத்தனை வீதம் என்ற எண்ணைச் சொல்லிக்கொண்டு வந்தாய். அது இறங்குகிற வரைக்கும் நீ போனை வைக்க முடியாது. அந்த நாள் வரைக்கும் உன் அழைப்பெல்லாம் வேலைக்கும் ரயிலுக்கும் இடையில் வருகிறவை. "சாப்பிட்டியோ?" "ஓம்." "சுகமோ?" "ஓம், வைக்கிறன் அம்மா." அன்றைக்குத்தான் அம்மா உன்னிடம் முழுதாகக் கேட்டா. என்ன கறி, ஆர் சமைக்கிறது, குளிருக்கு என்ன போடுகிறாய், பக்கத்துக் கட்டிலில் படுக்கிற பெடியன் எந்த ஊர் என்று. கொக்காவிலைக் கடக்கும்போது எண் நன்றாக இறங்கிவிட்டது. "போதும் அப்பா, திருப்புங்கோ" என்றாய். அம்மா என்னைப் பார்த்து, கையால் இன்னும் போ என்று காட்டினா.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. ஒருநாள் பரந்தன் பக்கம் வந்துகொண்டிருக்கிறோம். "இஞ்சேருங்கோ, இண்டைக்கு அவன் போன் எடுப்பானோ?" என்று அம்மா கேட்டா. "எண் குறைவாத்தான் இருக்கும். ஏன் எடுக்கிறான்?" என்றேன். சந்திக்குக் கிட்ட காற்றாடி ஊளையிடத் தொடங்கியது. "இதில ஒருக்கா நிப்பாட்டுங்கோ. வெத்திலை வாங்கவேணும்" என்றா. உன் அம்மா வாழ்க்கையில் வெற்றிலை போட்டதில்லை. நான் அவவின் முகத்தைப் பார்த்தேன். அவா கடையைப் பார்த்துக்கொண்டிருந்தா. நான் திறப்பைத் திருப்பினேன். பின்னேரம் உன் அழைப்பு வந்தது. "திரும்பவும் பாதியில நிப்பாட்டிப் போட்டீங்கள் அப்பா" என்று நீ சலித்துக்கொண்டாய், அம்மா அடுப்படியில் இருந்து ஓடிவந்து, "இந்த மனிசனுக்கு எத்தினை தரம் சொன்னாலும் ஏறாது தம்பி, அது கிடக்கட்டும், நீ என்ன சாப்பிட்டனி?" என்றா. அன்றிலிருந்து நாங்கள் இருவரும் கூட்டுக் கள்வர்தான். அதைப் பற்றி ஒருநாளும் எங்களுக்குள் வாய்திறந்து கதைத்ததில்லை. காற்றாடி சத்தம் போட்டால் அவவுக்குத் தேசிக்காய் வேண்டும், அல்லது தெரிந்த ஆள் ஒன்று தெருவில் நிற்கும்.

கூத்து ஒன்றும் நடந்தது. அறுவடைக் காலம், தெருவின் பாதியில் நெல் காயப் போட்டிருந்தார்கள். எரிந்துகொண்டிருக்கிற வானை நான் ஓரத்தில் நிறுத்த, கீழே கிடந்த வைக்கல் புகைக்கத் தொடங்கிவிட்டது. நெல் துழாவிக்கொண்டிருந்த பெண், "ஐயா, நெல்லை இஞ்சயே அவிக்கப் போறியளோ?" என்று கேட்டுக்கொண்டு தண்ணீர்ப் போத்தலோடு ஓடிவந்தா. நான் வானை எடுத்துக்கொண்டு ஓடினேன். அம்மா கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தா. நியாஸ் ஒயிலைச் சோதித்த நாளிலும் அப்படித்தான். "முதலாளி, எல்லாருக்கும் ஓட ஓட ஒயில் குறையும். உங்களுக்குக் கூடியிருக்கு. பாதியில பாதியில நிப்பாட்டுறீங்க, எரியாத டீசல் ஒயிலோட கலந்திருக்கு. மகன் சொல்லித் தரல்லையா?" என்றான். "சொல்லித் தந்தவன்" என்றேன். "அப்ப?" நான் அம்மாவைப் பார்த்தேன். "இவருக்கு இப்ப மறதி கூடிப்போச்சு, தம்பி" என்று எல்லாவற்றையும் என் தலையில் போட்டுவிட்டு, சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு அங்காலே போனா.

இனி எழுதப் போவதை நீ இருந்து வாசி.

அம்மாவின் வயிற்றில் கட்டி என்று தெரிந்தபோது உனக்குச் சொல்லக்கூடாது என்றவா அவா. ஓம் என்றவன் நான். உனக்கு அங்கே தங்குகிற அனுமதிக் காட் கிடைக்காத நேரம். வந்தால் திரும்பிப் போக முடியாது, வராவிட்டால் அங்கே இருந்து துடிப்பாய். "சுகமானாப் பிறகு சொல்லுவம்" என்றா. இங்கே எல்லா வீட்டிலும் இப்படித்தான், வெளியில் இருக்கிற பிள்ளைக்கு வருத்தத்தைச் சொல்லுகிறதில்லை. பிள்ளையும் சொல்லுகிறதில்லை. நீ வேலை இல்லாமல் சாப்பாட்டுக் கடையின் பின்னறையில் படுத்த மாதங்களை நாங்கள் வேறு ஆட்கள் சொல்லித்தான் அறிந்தோம். மறைக்கிறது எங்களிடமிருந்து நீ படித்தது.

யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரிக்கு ஓடத் தொடங்கினோம். வியாபாரத்தை விட்டுவிட்டேன். பரந்தனில் ஏறினால் ஆனையிறவு தாண்டி நேர் ஓட்டம், போகவும் வரவும். கடைக்குக் கடை நிற்கிற வேலை இல்லை. அந்த வான் நாங்கள் வாங்கின நாளில் இருந்து அப்படி ஓடியதில்லை. சல்லடை ஒவ்வொரு தரமும் எரிந்து சுத்தமாகிவிடும். உன் போனில் எண் எப்போதும் கீழேதான் நின்றிருக்கும். நீ பெருவிரல் காட்டுகிற படம் ஒன்று அனுப்பினாய், "அப்பா இப்பதான் ஒழுங்கா ஓடுறார்" என்று எழுதி. அழைப்புக் குறைந்தது. உன்னில் பிழை சொல்ல ஒன்றும் இல்லை, நல்லாக இருக்கிறது என்றுதான் அந்தப் பெட்டி உனக்குச் சொன்னது. அம்மா படத்தைப் பார்த்துவிட்டு, "பாத்தீங்களே, நாங்கள் நல்லா இருக்கிறம் எண்டு நினைக்கிறான். நினைக்கட்டும்" என்றா. நான் எண்ணிப் பார்த்தேன், நீயாக எடுப்பாயா என்று. எடுத்தாய், வேலைக்கும் ரயிலுக்கும் இடையில். "சுகமோ அம்மா?" "ஓம் தம்பி."

கடைசித் தரம் ஆஸ்பத்திரியில் இருந்து வரும்போது அவவைப் பின் சீற்றில் படுக்க வைத்திருந்தேன். இனி வீட்டில் வைத்துப் பாருங்கோ என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஆனையிறவு வந்தது. உப்பளத்தில் வெய்யில் கண்ணைக் குத்துகிறது. காற்றாடி ஊளையிடத் தொடங்கியது. பின்னால் இருந்து, "இஞ்சேருங்கோ" என்றா. "என்ன, நோகுதோ?" என்றேன். "நிப்பாட்டுங்கோ." "என்னத்துக்கு?" சீற்றில் கையை ஊன்றிக் கொஞ்சம் நிமிர்ந்தா. பிறகு, "ஒண்டும் வாங்க இல்லை. சும்மா நிப்பாட்டுங்கோ" என்றா.

எனக்கு விளங்கியது. விளங்கவில்லை என்று உனக்குப் பொய் சொல்லமாட்டேன். ஆனால் அந்த வெய்யிலில், ஏசி இல்லாமல், அவவை நடுவழியில் வைத்துக்கொண்டு நிற்க என் மனம் கேட்கவில்லை. கெதியாக வீட்டுக்குக் கொண்டுபோய்க் கிடத்த வேண்டும் என்றது மட்டும்தான் மண்டைக்குள் ஓடியது. "வீட்ட போவம் இஞ்சேர், போய் நானே அவனுக்கு எடுத்துத் தாறன்" என்றேன். "நீங்கள் எடுத்தால் வைச்சிடுவான்" என்றா. நான் ஓட்டினேன். பரந்தனுக்கு வர முன்னமே காற்றாடி அடங்கிவிட்டது. முழுதாக எரிந்து முடிந்துவிட்டது. அன்று பின்னேரம் நான் உனக்கு எடுத்தேன், நீ வேலையில் நின்றாய், பிறகு எடுக்கிறேன் என்றாய். நீ எடுத்த நேரம் அவா நித்திரை. எழுப்பவேண்டாம் என்றாய், அப்போதும் நான் வருத்தத்தைச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவா உன்னோடு கதைக்கிற நிலையில் இருக்கவில்லை.

செத்தவீட்டை நீ போனில் பார்த்தாய். பக்கத்து வீட்டுப் பிள்ளை போனைப் பிடித்துக்கொண்டு நின்றது. உன் முகம் அந்தச் சின்னக் கண்ணாடிக்குள் கிடந்து குலுங்கியது, சத்தம் வரவில்லை, ஆரோ சத்தத்தைக் குறைத்துவிட்டிருந்தார்கள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த பிறகு நீ எடுத்தாய். நான் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தேன், இப்போது அம்மாவைப் பற்றிக் கேட்பாய் என்று. "அப்பா, வான் கனநாளா ஓடேல்லை. பற்றரி இறங்கிடும்" என்றாய். "ஓம், ஒருக்கா ஸ்ராட் பண்ணிவிடவேணும்" என்றேன். இருவரும் பற்றரியைப் பற்றியே கதைத்தோம். உனக்குப் பயம் என்று எனக்குத் தெரியும். எனக்கும் பயம்தான். ஆனால் வைத்த பிறகு நான் அந்தக் கதிரையில் இருந்து எழும்பவில்லை.

பிறகு வியாபாரத்துக்குத் திரும்பினேன், பழையபடி பாதியில் நிறுத்தவும் தொடங்கினேன். இந்த முறை வெற்றிலை கேட்க ஆள் இல்லை, நானே நிறுத்தினேன். தெரியாமலும் இல்லை, மறதியிலும் இல்லை. எஞ்சின் கெடும் என்று தெரிந்துகொண்டு, எண் ஏற வேண்டும், நீ எடுக்க வேண்டும் என்றுதான் நிறுத்தினேன். நீ எடுத்தாய். எத்தனை வீதம், எந்த வேகம், எவ்வளவு தூரம் என்று கதைத்தாய். நான் ஓட்டினேன், நீ எண் சொன்னாய். மடியில் போன் வைத்திருக்க ஒருவரும் இல்லாததால் நான் அதைச் சீற்றில் போட்டிருந்தேன். எண் இறங்கியதும் "போதும் அப்பா" என்று வைத்தாய்.

இப்போது வெட்டி எறியச் சொல்லுகிறாய். போன கிழமை நெளுக்குளத்துக்குக் கொண்டுபோனேன். நியாஸ் வானுக்குக் கீழே படுத்துக்கொண்டே, "வெட்டவா முதலாளி? இப்ப எல்லாரும் வெட்டுறாங்க. நிம்மதி" என்றான். "கரும்புகை தள்ளுமோ?" "கொஞ்சம் தள்ளும். பின்னால வாறவனுக்குத்தானே." "வேண்டாம்" என்றேன். "மகன் போன் எடுத்துச் சொன்னாரே வெட்டச் சொல்லி?" "மகன் உன்னோடயும் வானைப் பற்றித்தான் கதைச்சவனோ?" என்று கேட்டேன். அவன் வெளியே வந்து என்னைப் பார்த்தான். பிறகு ஒரு மெசினை வானில் பூட்டி, முற்றத்தில் வைத்தே கரியை எரித்து, ஒயிலை மாற்றி, அந்தப் பெட்டியின் எண்ணை என் போனில் தெரிகிற மாதிரிச் செய்து தந்தான். திரும்பி வரும்போது ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம் என்று ஓரிடத்திலும் நிற்கவில்லை. எண் தெரிகிறது. விளங்குகிறது. இனி நானே பார்ப்பேன். உன் போனில் இருந்து அதை எடுத்துவிடு.

இதால் எனக்கு என்ன நட்டம் என்று தெரிந்துகொண்டுதான் செய்கிறேன். உன்னை அழைக்க வைக்க என் கையில் இருந்தது அது ஒன்றுதான். அதை விட்டுவிட்டால் உனக்கு இந்த வீட்டுக்கு எடுக்க ஒரு காரணமும் இருக்காது. எடுக்காமலே விடவும் கூடும். அதற்கும் நான் ஆயத்தம் என்று எழுத நினைத்தேன், அது பொய். ஆயத்தம் இல்லை.

கலியாணத்துக்குப் புத்தி சொல்லவேண்டிய இடம் இது. வானைக் காட்டி உவமை சொல்லப் போவதில்லை. ஒன்றைத்தான் சொல்லுவேன். அந்தப் பிள்ளை "ஒண்டும் இல்லை" என்று சொன்னால் விட்டுவிடாதே, இன்னொரு தரம் கேள். உனக்கு என்ன என்று அவள் கேட்டாலும், கேட்க முன்னமே சொல்லு. எங்கள் வீட்டில் ஒருவரும் மற்றவருக்குக் கஷ்டம் கொடுக்கக்கூடாது என்று இருந்தோம். நல்ல மனசோடுதான் இருந்தோம். அதனால்தான் உனக்குத் தாயோடு கடைசியாகக் கதைக்கக் கிடைக்கவில்லை. சொல்லாமல் விட்டது நாங்கள். கேட்காமல் விட்டது நீ.

தாலி கட்டுகிற நேரத்தைப் போனில் காட்டச் சொல்லு, வேட்டி கட்டிக்கொண்டு இருப்பேன். சனம் போய், வீடு அடங்கி, நீங்கள் இருவரும் ஆறின பிறகு ஒருநாள் எடு. வேலைக்கும் ரயிலுக்கும் இடையில் எடுக்காதே. வான் எப்படி என்று கேட்காதே. அம்மா எப்படிப் போனவா என்று கேள். அந்தக் கிழமை முழுக்க அவா சொன்னதெல்லாம் என்னிடம் இருக்கிறது, இன்னும் ஒருவருக்கும் சொல்லவில்லை. எனக்கு ஒரேயடியாகச் சொல்ல வராது. இடையில் நின்றுபோவேன், சத்தம் இல்லாமலும் இருப்பேன். நீ வைத்துவிடாதே.

அப்பா